மலைப்பாதை லாரிக்குப் பவர் கிரீஸ் கன்: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

உதகையில் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் லாரி, சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே இறங்குகிறது. வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடிக்க வேண்டியிருக்கிறது. பிரேக்கையும் அடிக்கடி மிதிக்க வேண்டியிருக்கிறது. எனவே முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சான கிங் பின்னும், பிரேக் ஷூக்களை விரிக்கும் பிரேக் கேம் ஷாஃப்ட்டும் சமவெளி லாரியில் தேய்வதைவிட இங்கே விரைவாகத் தேய்கின்றன. அதனுடன் மாதக்கணக்கில் நீடிக்கும் மழையும் மூடுபனியும் சேர்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவி வெளியேற்றுகின்றன. வாகனக் கையேடு குறிப்பிடும் கிலோமீட்டர் இடைவெளி கடினமான பயன்பாட்டுக்குத் தனியாகக் குறைத்துத் தரப்பட்டிருந்தால், மலை லாரிக்கு அந்தக் குறைந்த கணக்கையே பின்பற்ற வேண்டும்.

இந்த இடங்களில் கிரீஸை உள்ளே செலுத்துவதற்கான சிறு வாய்களே நிப்பிள்கள். இத்தனை நிப்பிள்களுக்கும் கையால் பம்ப் அடிக்கும் உதவியாளர், களைப்பில் எட்டாத இடத்து நிப்பிளை விட்டுவிடுவது இயல்பு. காற்றாலோ பேட்டரியாலோ கிரீஸைத் தள்ளும் பவர் கன்னின் உண்மையான பயன் அந்த நிப்பிளுக்கும் கிரீஸ் சேர்வதுதான். ஆனால் கை கன்னில் நெம்புகோல் இறுகும்போது உள்ளே அடைப்பு இருப்பதைக் கை உடனே உணர்ந்துவிடும். பவர் கன்னில் அந்த உணர்வு இல்லை. ஆகவே வாங்கும்போது அதிகபட்ச அழுத்தத்தின் எண்ணைவிட, ஓட்டத்தை எவ்வளவு மெதுவாகக் கட்டுப்படுத்த முடியும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைகளில் பெரும்பாலும் கம்ப்ரசர் காற்றில் இயங்குவது, பேட்டரியில் இயங்குவது என இரண்டு வகைகள் கிடைக்கும். காற்றுக் கன் காற்றின் அழுத்தத்தைப் பல மடங்காகப் பெருக்குகிறது; 50:1 விகிதம் கொண்டதில் 6 பார் காற்று கொடுத்தால், கணக்குப்படி கிரீஸ் 300 பார் அழுத்தத்தில் வெளிவரும். தினமும் பல வண்டிகள் வரும் பட்டறைக்கு இது மலிவானது, நீண்ட நாள் உழைக்கக்கூடியது. எனினும் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும் அளவுதான் என்பதால், அதே கம்ப்ரசர் டேங்கை நிரப்ப அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். கம்ப்ரசரின் குதிரைத் திறனைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஈரக் காற்றினால் டேங்கில் நீரும் தேங்கும். தினமும் டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து அதை வடிக்காவிட்டாலோ, குழாயில் நீர் பிரிக்கும் வடிகட்டி இல்லாவிட்டாலோ, கன்னின் பிஸ்டன் துருப்பிடித்துவிடும்.

ஓரிரு லாரிகள் வைத்திருப்பவருக்கும், எஸ்டேட்டிலேயே வண்டியை நிறுத்திப் பராமரிப்பவருக்கும் 18 அல்லது 20 வோல்ட் பேட்டரி கன் பொருத்தமானது. இவற்றில் பல 10,000 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 690 பார் வரை அழுத்தம் தரும். அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் மாறும் டிரிகர், அழுத்தம் மிகும்போது தானே திறக்கும் வால்வு, ஒரு மீட்டர் அளவுக்குக் குழாய் ஆகிய மூன்றும் இருப்பதை வாங்குங்கள். அட்டைக் குழலில் வரும் கிரீஸை மட்டும் ஏற்பது நமக்கு உதவாது. டப்பாவிலும் பக்கெட்டிலும் வாங்கும் கிரீஸை உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும் வசதியும் வேண்டும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக் குளிரில் சார்ஜ் செய்தால் அது கெட்டுவிடும் என்பதால், உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் அதை ஷெட்டில் விடாமல் வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

கிரீஸைப் பொறுத்தவரை, பெரும்பாலான இடங்களுக்கு என்எல்ஜிஐ 2 தரத்து (கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) லித்தியம் இபி (மிகு அழுத்தம் தாங்கும்) கிரீஸ் போதும். அதிகாலைக் குளிரில் அது இறுகுவதால் கன் உறிஞ்ச முடியாமல் வெறும் காற்றைத் தள்ளும். கன்னைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான அறையில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, கிரீஸ் தொடர்ச்சியாக வரும் வரை இயக்கிய பிறகே வண்டியிடம் செல்ல வேண்டும். பத்து நொடியில் எவ்வளவு கிரீஸ் வருகிறது என்று காகிதத்தில் எடுத்துத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால், பிறகு டிரிகரை அழுத்தும் நேரத்தை வைத்தே அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

வண்டியை நீரடித்துக் கழுவிய பிறகு கிரீஸ் அடிப்பதே முறை; புதிய கிரீஸ் உள்ளே புகுந்த நீரையும் வெளியே தள்ளிவிடும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நிப்பிளைத் துணியால் துடைத்து, கன் குழாயின் நுனியில் உள்ள கப்ளரை நேராக அழுத்திப் பொருத்துங்கள். கழற்றும்போது சற்றே சாய்த்தால் எளிதில் விடுபடும். பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பின்னில் சுமை இருக்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது; சேஸிஸை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, சுமையை விலக்கிய பின் அடிக்க வேண்டும். எஞ்சின் திறனைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சிலுவை வடிவ இணைப்பான கிராஸில் நான்கு கப்புகளின் சீல் வழியாகவும் புதிய கிரீஸ் தலைகாட்ட வேண்டும். ஒரு கப்பில் மட்டும் வராவிட்டால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்; ஷாஃப்ட்டைச் சற்று அசைத்து மீண்டும் முயன்றும் வராவிட்டால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்ட நிப்பிளோடு போராடுவதும் வீண். அது சில ரூபாய்ப் பொருள், மாற்றிவிடுங்கள்.

பிரேக் கேம் ஷாஃப்ட்டில் மட்டும் நான் பவர் கன்னை அனுமதிப்பதில்லை. அங்கே பழைய கிரீஸ், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் பக்கமாக வெளிவர வேண்டும். மிகையான அழுத்தத்தில் உள் சீல் பிதுங்கிவிட்டால் கிரீஸ் பிரேக் டிரம்முக்குள் இறங்கி, உராய்ந்து வண்டியை நிறுத்தும் லைனிங்கில் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அப்படி நனைந்த ஒரு பின்சக்கர லைனிங்கை டிரம்மைக் கழற்றியபோது நான் பார்த்தேன். அந்த வண்டி மறுநாள் அதிகாலை மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் உள்ள பர்லியாறு வழியாகச் சுமையோடு இறங்க வேண்டிய வண்டி. அன்றுமுதல் இந்த ஒரு நிப்பிளுக்குக் கை கன்தான். மெதுவாக, பழைய கிரீஸ் சரியான பக்கத்தில் தெரிந்ததும் நிறுத்திவிடுகிறோம். டிரம் பக்கம் கிரீஸ் கசிந்திருந்தால், சீலையும் லைனிங்கையும் மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

கன் இயங்கும்போது குழாயை வெறும் கையால் பிடிக்காமல், அதன் மேலுள்ள ஸ்பிரிங் உறையைப் பிடியுங்கள். மடிந்த அல்லது வெடிப்பு விட்ட குழாயை அன்றே மாற்றுங்கள். கப்ளரின் வாயில் விரலை வைத்துச் சோதிப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். இந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து விரலுக்குள் ஆழமாகப் பாயும்; வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், தொடக்கத்தில் வலியும் அதிகம் இராது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். ஆகவே கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடராமல், உடனே மருத்துவமனைக்குச் சென்று, உயர் அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே பாய்ந்துவிட்டது என்பதை முதல் வார்த்தையாக மருத்துவரிடம் சொல்லுங்கள். கிரீஸ் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.