சாக்லேட் கௌராமி வளர்ப்பு: தண்ணீரில் தொடங்கி மீனில் முடியும் செய்முறை

சாக்லேட் கௌராமி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மட்டுமே வளரும் சிறிய மீன். செம்பழுப்பு உடலில் குறுக்காக ஓடும் வெளிர்மஞ்சள் பட்டைகளும், இலைபோல் தட்டையான உடலமைப்பும், அவசரமில்லாத அசைவும் அதற்குத் தனி அழகைத் தருகின்றன. எனினும் கடைகளில் அரிதாகவே கிடைக்கும் என்றும், கிடைத்தாலும் சில வாரங்களில் இறந்துவிடும் என்றும் மீன் வளர்ப்போரிடையே அதற்கு ஒரு பெயர் உண்டு. பெரும்பாலும் மீனை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற தண்ணீரைப் பிறகு தேடுவதனால்தான் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது என்பது என் கருத்து. ஆகவே இந்த விளக்கத்தில் மீன் வாங்கும் கட்டம் நடுவில்தான் வரும். பொறுமை இல்லாதவர்கள் வேறு மீனைத் தேர்ந்தெடுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

படி 1: மீனின் பிறப்பிடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பெரிக்திஸ் ஆஸ்ஃப்ரோமெனாய்டிஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட இம்மீன், மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களின் சதுப்புக் காடுகளில் வாழ்கிறது. அங்கே மட்கிய இலைகளும் மரத்துண்டுகளும் ஊறிய நீர், பால் கலக்காத தேநீரின் நிறத்தில் இருக்கும். அந்நீரில் சுண்ணாம்பு, மக்னீசியம் போன்ற தாதுக்கள் ஏறக்குறைய இல்லை, பி.எச் அளவு (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்) பெரும்பாலும் 4 முதல் 6 வரைதான். அத்தகைய அமில நீரில் பாக்டீரியாக்கள் குறைவாகவே பெருகும். இதனால்தான் சாதாரணத் தொட்டி நீரில் உள்ள கிருமிகளை இம்மீனால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை என்று அனுபவமுள்ள வளர்ப்போர் விளக்குகிறார்கள். அந்தச் சதுப்புக் காடுகள் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காக வடிக்கப்பட்டு வருகின்றன என்பதையும், விற்பனைக்கு வரும் மீன்களில் பெரும்பகுதி இன்னும் காட்டில் பிடிக்கப்பட்டவையே என்பதையும் வாங்குமுன் நினைவில் வைத்திருப்பது நல்லது.

படி 2: தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

வாங்க வேண்டிய முதல் கருவி டி.டி.எஸ் மீட்டர். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை அது காட்டும். விலை குறைவு, பயன்படுத்துவது எளிது. நமக்கு வேண்டிய இலக்கு லிட்டருக்கு 20 முதல் 60 மில்லிகிராம் வரை. ஆழ்குழாய் நீரோ குழாய் நீரோ பெரும்பாலான இடங்களில் இதைவிடப் பல மடங்கு கடினமாக இருக்கும் என்பதால், ஆர்.ஓ நீரையோ தூய்மையாகச் சேகரித்த மழைநீரையோதான் நம்ப வேண்டும்.

கலவைக் கணக்கு எளிது. ஆர்.ஓ நீரின் டி.டி.எஸ் அளவு 10, குழாய் நீரின் டி.டி.எஸ் அளவு 400 என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பங்கு ஆர்.ஓ நீருடன் ஒரு பங்கு குழாய் நீரைக் கலந்தால், கலவையின் டி.டி.எஸ் அளவு சுமார் 50 ஆகும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே கலக்க வேண்டும்.

அடுத்தது அமிலத்தன்மை. நாட்டு வாதுமை இலைகளை, அதாவது கடைகளில் பாதாம் இலை என்று விற்கப்படும் பெரிய காய்ந்த இலைகளை, 50 லிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு வீதம் தொட்டியின் அடியில் போடுங்கள். உரம் கலக்காத பீட் மண்ணை, அதாவது சதுப்பில் செடிகள் மட்கி உண்டான மண்ணைத் துணிப்பையில் கட்டி வடிகட்டிக்கருகே வைப்பதும் உண்டு. இங்கே புதியவர்கள் பலர் இடறுகிறார்கள்: கடின நீரில் எத்தனை இலை போட்டாலும் நிறம் மாறுமே தவிர பி.எச் அவ்வளவாக இறங்காது. நீரில் கரைந்துள்ள கார்பனேட்டுகள் இலையிலிருந்து வரும் அமிலத்தை உடனுக்குடன் முறித்துவிடுகின்றன. ஆகவே முதலில் மென்மை, பிறகு அமிலம் என்ற வரிசை மாறக்கூடாது. பி.எச்சைக் குறைக்கும் திரவங்களைக் கடையில் வாங்கி ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவை ஒரே இரவில் பெரிய ஏற்ற இறக்கத்தை உண்டாக்கக்கூடும். சொட்டு மருந்து வகையைச் சேர்ந்த சோதனைப் பெட்டிகள் பலவற்றில் நிற அட்டை 6 என்ற அளவோடு நின்றுவிடுவதால், அதற்குக் கீழே எவ்வளவு என்று அறிய மின்னணு மீட்டர் தேவைப்படும்.

படி 3: தொட்டியை அமைத்துப் பழக விடுங்கள்

ஆறு மீன்களுக்கு 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டி போதும். நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும் என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டரே ஏற்றது. வெப்பநிலையை 25 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் நிலையாக வைக்கத் தெர்மோஸ்டாட் கொண்ட ஹீட்டரைப் பொருத்துங்கள்.

தரைக்குக் கருமையான மணலும், ஒளிந்துகொள்ள மரத்துண்டுகளும், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன் போன்ற குறைந்த ஒளியில் வளரும் செடிகளும், மேற்பரப்பில் சால்வினியா போன்ற மிதவைச் செடியும் இருந்தால் மீன் அச்சமின்றி வெளியே வரும். அலங்காரக் கல்லோ சிப்பியோ வைக்க விரும்பினால் அதன்மேல் சிறிது வினிகரை ஊற்றிப் பாருங்கள்; நுரைத்தால் அது நீரைக் கடினமாக்கும் பொருள், தொட்டிக்குள் போகக்கூடாது.

மூடி கட்டாயம். கௌராமி இனங்கள் செவுளால் மட்டுமன்றி, தலைக்குள் இருக்கும் லேபிரிந்த் என்ற உறுப்பின் துணையோடு மேற்பரப்புக் காற்றையும் சுவாசிக்கின்றன. நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் அங்கே தங்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். குளிர்ந்த வறண்ட காற்று அவ்வுறுப்பைப் பாதிக்கும்.

இனி நான்கு முதல் ஆறு வாரக் காத்திருப்பு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற இந்தக் காலம் தேவை. அவை பி.எச் 6-க்குக் கீழே மிகவும் மந்தமாகிவிடும். எனவே பி.எச் 7-ஐ ஒட்டி இருக்கும்போதே வடிகட்டியைப் பழக்கிவிட்டு, பிறகு சிறிது சிறிதாக நீரை மென்மையாக்கி இலைகளைச் சேர்ப்பது சிறந்த வழி. அமில நீரில் அம்மோனியா பெரும்பாலும் நச்சுக் குறைந்த அம்மோனிய அயனியாகவே இருக்கும் என்பது நமக்குச் சாதகமானது. அதையும் மிதவைச் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன.

படி 4: மீனைத் தேடுங்கள், ஆனால் உடனே வாங்காதீர்கள்

நம்பகமான விற்பனையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதே இம்மீனைப் பெறுவதற்கான வழி. இதே பேரினத்தில் செலாடனென்சிஸ், ஆக்ரோஸ்டோமா, வைலாண்டி என்று மேலும் மூன்று இனங்கள் உள்ளன. பொதுப்பெயரை மட்டும் சொன்னால் வேறு இனம் வந்து சேரலாம், ஆகையால் அறிவியல் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மீன் கடைக்கு வந்த அன்றே வாங்க வேண்டாம். நீண்ட பயணத்தின் களைப்பு முதல் பத்து நாட்களில்தான் நோயாக வெளிப்படும். முன்பணம் கொடுத்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கடையிலேயே வைத்திருக்கச் சொல்வதில் தவறில்லை. பிறகு நேரில் சென்று, உங்கள் கண்முன்னே உணவிடச் சொல்லுங்கள். உண்ணாத மீன், வயிறு உள்ளொடுங்கிய மீன், துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிவைத்த மீன், மேற்பரப்பிலேயே நின்று வேகமாக மூச்சுவிடும் மீன் ஆகிய எதையும் இரக்கப்பட்டு வாங்காதீர்கள். உடலைப் பக்கவாட்டில் ஒளி படும்படி பார்த்து, பொன்தூள் தூவியதுபோன்ற படலம் இருந்தால் அது வெல்வெட் நோய். அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீனும் வேண்டாம். இவை அனைத்தும் சரியாக இருந்தால், கடைத் தொட்டி நீரின் டி.டி.எஸ் அளவை உங்கள் மீட்டரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அந்த எண் மிகவும் தேவை.

சிறு வயதில் ஆண் பெண் வேறுபாடு எளிதில் தெரியாது என்பதாலும், இவை தமக்குள் ஒரு தரவரிசையை ஏற்படுத்திக்கொள்ளும் என்பதாலும் ஆறு முதல் எட்டு மீன்களைச் சேர்த்து வாங்குவது நல்லது. இரண்டு மட்டும் இருந்தால் வலிமையானது மற்றதை ஓயாமல் விரட்டும்.

படி 5: தனிமைத் தொட்டியில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்

மீன்களை நேராக மென்னீர்த் தொட்டிக்கு மாற்றக்கூடாது. கடினமான நீரிலிருந்து மென்மையான நீருக்குத் திடீரென்று மாறும்போது உடலின் உப்புச் சமநிலை குலைகிறது. உடனே சாகாவிட்டாலும் அடுத்த வாரம் நோய்வாய்ப்படும். ஆகவே 30 லிட்டர் அளவுள்ள ஒரு தனிமைத் தொட்டியில், கடை நீரின் டி.டி.எஸ் அளவுக்கு ஒத்த நீரை நிரப்பி, பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியேறிய ஸ்பாஞ்ச் ஒன்றை வையுங்கள்.

பையைத் திறக்காமல் இருபது நிமிடம் அந்நீரில் மிதக்க விட்டு, வெப்பநிலை ஒத்துப்போன பிறகு திறந்து, மீன்களை மட்டும் மென்மையான வலையால் மாற்றுங்கள். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச் குறைந்திருக்கும், திறந்ததும் அந்த வாயு வெளியேறிப் பி.எச் உயர, பைநீரில் சேர்ந்திருந்த அம்மோனியா மீண்டும் நச்சுத்தன்மை பெறும். நெடுந்தூரம் வந்த பையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்க்கும் வழக்கம் இதனால்தான் ஆபத்தானது.

பிறகு நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு ஆர்.ஓ நீரைச் சேருங்கள். தொடக்க டி.டி.எஸ் அளவு 250 என்றால், இரண்டு வாரங்களில் அது ஏறத்தாழ 60-க்கு இறங்கிவிடும். வாதுமை இலைகளையும் இரண்டாம் வாரத்திலிருந்து சேர்க்கலாம். நோய் அறிகுறி இல்லாவிட்டாலும் குறைந்தது நான்கு வாரங்கள் அங்கேயே இருக்கட்டும். நோய் வந்தால் செம்பு கலந்த மருந்துகளை வழக்கமான அளவில் பயன்படுத்த வேண்டாம். மென்னீரில் செம்பின் நச்சுத்தன்மை மிகவும் கூடும்.

படி 6: உணவும் அன்றாடப் பராமரிப்பும்

தொடக்கத்தில் உயிருணவு இல்லாமல் முடியாது. அப்போதுதான் பொரித்த ஆர்ட்டிமியா (இறால் போன்ற நுண்ணிய உயிரி), டாஃப்னியா (நீர்த்தெள்ளு), கொசுப்புழு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக நாளுக்கு இருமுறை கொடுங்கள். ஆர்ட்டிமியா உப்புநீரில் பொரிப்பது என்பதால் நல்ல நீரில் அலசிய பிறகே இட வேண்டும். சில வாரங்களில் உறைய வைத்த உணவுக்கு மாறும். உலர் உணவைச் சில மீன்கள் ஒருபோதும் தொடுவதில்லை.

வாரத்துக்கு ஒருமுறை 10 முதல் 15 விழுக்காடு நீரை, முன்பே கலந்து அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்த நீரால் மாற்றுங்கள். ஆவியான நீரை ஈடுசெய்ய வெறும் ஆர்.ஓ நீர் போதும், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. துணைக்கு வேறு மீன் வேண்டுமென்றால் போராராஸ் போன்ற மிகச் சிறிய, அமைதியான இனங்களைத் தேர்ந்தெடுக்கலாம். டைகர் பார்ப் போன்ற துறுதுறுப்பான மீன்கள் உணவு முழுவதையும் தாமே தின்றுவிடும்.

படி 7: குஞ்சு பொரித்தால்

எல்லாம் பொருந்தினால் ஒரு நாள் ஒரு மீன் உண்பதை நிறுத்திவிட்டு, தொண்டை புடைத்த நிலையில் செடிகளுக்கிடையே ஒதுங்கி நிற்கும். நோய் என்று அஞ்ச வேண்டாம். இவ்வினத்தில் பெண் மீனே முட்டைகளை வாயில் அடைகாக்கும். ஏறத்தாழ இரண்டு வாரங்கள், சில வேளை அதற்கும் சற்று மேலாக. அதைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்ற முயன்றால் பெரும்பாலும் முட்டைகளை உமிழ்ந்துவிடும் அல்லது விழுங்கிவிடும். ஆகையால் அந்நாட்களில் நீர் மாற்றத்தைக்கூட மிகக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிவரும் குஞ்சுகள் உடனே ஆர்ட்டிமியாவை உண்ணும் அளவுக்கு இருக்கும். அவற்றை ஒரு கிண்ணத்தால் நீரோடு சேர்த்து அள்ளி, அதே தொட்டியின் நீரை நிரப்பிய தனித் தொட்டிக்கு மாற்றி, நாளுக்கு மூன்று முறை சிறிதளவு உணவிட்டு, மிஞ்சியதை அன்றன்றே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.