டெஸ்ட் ஃபெயில் ஆனால் காரணத்தை அதுவே சொல்லட்டும்

பைத்தானில் ஒரு மினிமம் ஹீப் (மிகச் சிறிய எண்ணை எப்போதும் உச்சியில் வைக்கும் மரம் போன்ற அமைப்பு; ஒரு லிஸ்ட்டில் சேமிக்கிறோம்) எழுதி, பைத்தானுடன் வரும் சோதனைக் கருவியான யூனிட்டெஸ்ட் கொண்டு சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இதன் விதி ஒன்றுதான்: தாய்க் கணு தன் சேய்க் கணுக்களைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

படி 1: அசர்ட்ட்ரூவை மாற்றுங்கள்

ஹீப்பின் அளவு 4-தானா என்பதை, உண்மையா இல்லையா என்று மட்டும் பார்க்கும் அசர்ட்ட்ரூ வைத்துச் சோதித்தால், தவறும்போது "ஃபால்ஸ் இஸ் நாட் ட்ரூ" என்று மட்டும் வரும். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மதிப்புகளை ஒப்பிடும் அசர்ட்ஈக்வல் போட்டால் "5 != 4" என்று வரும்.

படி 2: என்ன செய்தபோது என்று சொல்லுங்கள்

இப்போதும் எது வந்த எண், எது வரவேண்டிய எண் என்று தெரியவில்லை. எம்எஸ்ஜி என்ற கடைசி அளவுருவில் "5 உறுப்புகளில் ஒன்றை பாப் செய்தபின் 4 மிஞ்ச வேண்டும்" என்று எழுதுங்கள் (பாப் என்றால் உச்சியிலுள்ள எண்ணை வெளியே எடுப்பது). பைத்தான் 3.2 முதல் இது வழக்கமான செய்தியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும், அதை அழிக்காது.

படி 3: ரெப்ர் எழுதுங்கள்

கிளாஸில் ரெப்ர் மெத்தட் (பொருளை எழுத்தாக எப்படிக் காட்டுவது என்று சொல்வது) இல்லையென்றால் ஹீப்பை அச்சிடும்போது நினைவக முகவரிதான் தெரியும். உள்ளிருக்கும் லிஸ்ட்டைக் காட்டும் ஒரே வரி போதும்.

படி 4: விதியைச் சோதிக்கத் தனி ஃபங்ஷன்

என்னைக் கேட்டால் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். ஹீப் சரியா என்று ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் திருப்பித் தரும் ஃபங்ஷன் வேண்டாம். எங்கே உடைந்தது என்பதை அது தெரிந்துகொண்டே மறைத்துவிடுகிறது. லிஸ்ட்டில் இன்டெக்ஸ் 1-லிருந்து ஒவ்வொன்றாகப் போங்கள் (0-ல் இருப்பது உச்சி, அதற்குத் தாய் இல்லை). ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் தாயின் இன்டெக்ஸ் கிடைக்கும். விதி மீறிய முதல் இடத்திலேயே டெஸ்ட்டை ஃபெயில் செய்து, இப்படிச் சொல்ல வையுங்கள்:

"பாப் செய்தபின் விதி மீறல்: இன்டெக்ஸ் 1-ல் உள்ள தாய் 5, இன்டெக்ஸ் 3-ல் உள்ள சேய் 4. ஹீப்: [2, 5, 3, 4]"

இதைப் படித்தவுடனே, 5 இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று புரிகிறது. டீபக்கரைத் திறக்காமலே நேராக, பாப் செய்தபின் எண்ணைக் கீழே இறக்கும் லூப்புக்குப் போய்விடலாம். உள்ளீடுகளை ரேண்டமாக உருவாக்கினால் சீட் எண்ணையும் (அதே ரேண்டம் எண்களை மறுபடி தர வைக்கும் தொடக்க எண்) செய்தியில் சேருங்கள். அது இல்லாவிட்டால் அதே தவறை மறுபடி வரவழைப்பது பெரும்பாடு.

படி 5: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

கீழிறக்கும் லூப்பில் சிறியது-பெரியது குறியைத் திருப்பிப் போட்டு டெஸ்ட்டை ஓட்டுங்கள். கோடைப் பார்க்காமல் செய்தியை மட்டும் படியுங்கள். தவறு எங்கே என்று ஊகிக்க முடியவில்லையா? சரி, 4-ஆம் படிக்குத் திரும்பிச் செய்தியைத் திருத்துங்கள். அப்புறம் குறியைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.