ஸ்ப்ரே குரோம் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிதம்பரத்தில் கவரிங் நகையைக் கவரிங் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கடை போர்டிலேயே அப்படித்தான் இருக்கும். வாங்குகிறவர்களும் தெரிந்தே, ஆசையாக வாங்கிப் போகிறார்கள். கன்னால் அடித்துக் குரோம் தோற்றம் தரும் ஸ்ப்ரே குரோம் பட்டறைக்காரர்களான நம்மில் பலருக்கு அந்தத் தைரியம் வரவில்லை. 'குரோம் பிளேட்டிங் செய்து தரப்படும்' என்றே எழுதிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளம்புகின்றன.

பிளேட்டிங் என்றால் பொருளைத் தொட்டியில் இறக்கி, கரண்ட் பாய்ச்சி, நிக்கல் ஏற்றி, அதன்மேல் மெல்லிசாகக் குரோமியம் ஏற்றுவது. நம் வேலையில் குரோமியம் துளிகூடக் கிடையாது. பளபளப்பான பேஸ் கோட், அதாவது அடிப்பூச்சு, காய்ந்ததும், சில்வர் நைட்ரேட் கரைசலையும் அதிலிருந்து வெள்ளியைப் பிரித்துப் படியவைக்கும் ரெட்யூசரையும் இரட்டை நாசில் ஸ்ப்ரே கன்னில் ஒன்றாக அடிக்கிறோம். முதலில் பழுப்பாக ஒரு சாயல் ஓடும். கொஞ்ச நேரத்தில் நம் முகமே அதில் தெரியும். படிந்திருப்பது வெள்ளி. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்ணாடிக்கு வெள்ளி பூசக் காட்டிய வழியின் தொடர்ச்சிதான் இது. அந்த வெள்ளிக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சை அடித்து மூடுகிறோம். வாடிக்கையாளரின் கை படப்போவது அந்தக் கிளியர் கோட்டில்தான். அது தாங்கும் வரைதான் வேலை தாங்கும்.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒருவருக்குப் புல்லட் மட்கார்டு செய்து கொடுத்தேன். 'குரோம்' என்று மட்டும்தான் சொன்னேன். அவர் அப்பா காலத்து வண்டியில் குரோமை எப்படித் துடைப்பாரோ அப்படியே ரப்பிங் காம்பவுண்டு என்ற தேய்ப்புப் பசையைப் போட்டு வாரா வாரம் தேய்த்திருக்கிறார். மழைக்காலம் முடிந்து கொண்டு வந்தபோது நடுவில் மங்கியிருந்தது. விளிம்பில் கல் பட்ட இடத்தில் ஈரம் புகுந்து, வெள்ளி மஞ்சளடித்துப் படலம் தூக்கிக்கொண்டிருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. குரோம் என்றேன், குரோமாக நினைத்துப் பராமரித்தார். காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அடுத்தது வீடியோ. வெள்ளி படியும் அந்த நேரம் பார்க்க அவ்வளவு அழகு. எல்லோரும் அதையே எடுத்துப் போடுகிறோம். கிளியர் கோட் ஏறியதும் பளபளப்பு கொஞ்சம் இறங்கும், லேசாக மஞ்சள் சாயலும் வரலாம். அதனால் டெலிவரி கொடுக்கும் பொருளை வெயிலில் வைத்துப் படமெடுத்துப் போடுங்கள். முடிந்தால் ஒரு வருடம் ஓடிய வண்டியையும் காட்டுங்கள்.

'லைஃப்டைம் கேரண்டி' வேண்டவே வேண்டாம். சைலன்சர், பெண்ட் பைப் கேட்டு வந்தால் முடியாது என்று சொல்லுங்கள். அந்தச் சூட்டைச் சாதாரண கிளியர் கோட் தாங்காது. 'சுற்றுச்சூழலுக்குக் கேடே இல்லை' என்று எழுதுவதும் தவறு. பிளேட்டிங் தொட்டியின் ஹெக்சாவேலண்ட் குரோமியம் புற்றுநோய் தருவது, அது நம்மிடம் இல்லை, சரி. ஆனால் நாம் கழுவிவிடும் தண்ணீரில் வெள்ளி இருக்கிறது. சுத்திகரிக்காமல் விட்டால் மீன்களுக்கு விஷம்.

சட்டமும் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

உண்மையைச் சொன்னால் ஆர்டர் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கிரில், மரச் சிற்பம், கண்ணாடி ஜாடி என்று பிளேட்டிங் தொட்டிக்குச் சுலபமாகப் போகாத பொருளுக்கெல்லாம் நம்மால் குரோம் தோற்றம் தர முடியும். கிளியரில் சாயம் கலந்தால் தங்க நிறமும் வரும். விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்போது என் மேஜையில் ஒரு சாம்பிள் தகடு இருக்கிறது. ஒரு பாதியை மட்டும் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். விலை பேசுவதற்கு முன் அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவேன். பில்லில் 'ஸ்ப்ரே குரோம், வெள்ளிப் பூச்சு, துடைக்க ஷாம்பூ தண்ணீரும் மெத்தென்ற துணியும் மட்டும்' என்று எழுதித் தருகிறேன்.