பனி மூடினால் மட்டும் தடுமாறிய ஆழக் கமரா

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. வாட்டப் போட்ட கொழுந்தின் உயரத்தை அளக்க, மேலே ஆழமறியும் கமரா பூட்டியிருந்தோம். பனி மூடும் நாட்களில் மட்டும் படம் ஓட்டை ஓட்டையாக வந்தது. ஈரம்தான் என்று நினைத்து லென்ஸைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன், மென்பொருளைப் புதுப்பித்தேன். மூன்று நாள் வீண்.

"பனி வந்தாத்தானே தம்பி இந்த லைட்டைப் போடுறோம்" என்றார் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர்.

அகச்சிவப்புப் படத்தைத் தனியாகத் திறந்தேன். கண்ணுக்கு மங்கல் மஞ்சளாகத் தெரிந்த ஹாலஜன் விளக்கு அதில் சூரியன் மாதிரி எரிந்தது. ஆழத்தை அறிய கமரா 850 நானோமீட்டர் அகச்சிவப்பில் தூவும் ஒளிப்புள்ளிகள் கொழுந்தின் மேல் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஹாலஜன் தன் சக்தியில் பெரும்பகுதியை அகச்சிவப்பாகத்தான் விடும். வெள்ளை எல்ஈடி மாட்டியதும் புள்ளிகள் திரும்பின. அப்பாடா! கொழுந்து போட்ட தொட்டியின் தகர விளிம்பில் மட்டும் பளபளப்பால் ஓர் ஓட்டை மிச்சம். கமராவைக் கொஞ்சம் சாய்த்தேன், அதுவும் போயிற்று.