ஆறு இலக்கம் மட்டும் போதாது: கிரெடிட் கார்டில் பொருள் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் உள்ள என் இணையச் சேவைக் கடைக்குப் போன வாரம் குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு தம்பி வந்தான். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. முதல் கிரெடிட் கார்டு கைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு மிக்ஸி ஆர்டர் செய்ய வேண்டும் என்றான். கார்டு எண்ணைப் போட்டதும் போனுக்கு ஓடிபி, அதாவது ஒரு முறை மட்டும் செல்லும் ஆறு இலக்க எண், வந்தது. நான் திரும்புவதற்குள் தட்டிவிட்டு, "முடிந்தது அண்ணா" என்றான்.

"மெசேஜில் எவ்வளவு தொகை போட்டிருந்தது?"

"பார்க்கவில்லை அண்ணா. நம்பரை மட்டும்தான் பார்த்தேன்."

அவன் போனை வாங்கிப் பார்த்தேன். தொகை சரியாகவே இருந்தது. ஆனாலும் எனக்குப் படபடப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, பரிசு விழுந்தது என்றால் நம்பாதே என்பதையெல்லாம் வங்கிகளே நாள்தோறும் சொல்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓடிபி வந்த செய்தியைப் படிக்காமல் எண்ணை மட்டும் தட்டுவது

2023 போகியன்று, சனிக்கிழமை, கடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். தங்கை வீட்டுப் பொங்கல் சீருக்காகப் பித்தளைப் பானை ஆர்டர் செய்திருந்தேன். அது இன்னும் வந்து சேரவில்லை. பானை இல்லாமல் மறுநாள் எப்படிப் போய் நிற்பது என்ற கவலை. அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி: 'முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் திரும்பிப் போகிறது. மீண்டும் அனுப்ப 25 ரூபாய் செலுத்தவும்.'

உண்மையிலேயே ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததால் சந்தேகமே வரவில்லை. இணைப்பைத் திறந்து கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கொடுத்தேன். ஒரு கையில் சுண்ணாம்பு மட்டை, மறு கையில் போன். திரையின் மேல் பட்டையில் செய்தியின் முதல் வரி மட்டும் எட்டிப் பார்த்தது. ஆறு இலக்கம் அதிலேயே இருந்தது. தட்டினேன். 'தவறான எண், மீண்டும் முயலவும்' என்றது அந்தப் பக்கம். இரண்டாவது ஓடிபி வந்தது. அதையும் தட்டினேன்.

மாலையில் பானை தானாக வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பையன் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. அப்போதுதான் உறைத்து, செய்திகளை முழுதாகத் திறந்தேன். முதல் ஓடிபி 47,300 ரூபாய்க்கு. இரண்டாவது 38,900 ரூபாய்க்கு. இரண்டிலும் நான் கேள்விப்பட்டிராத ஒரு கடையின் பெயர். வங்கி எதையும் மறைக்கவில்லை. தொகையும் பெயரும் தெளிவாக எழுதியே அனுப்பியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. என் கையாலேயே தட்டினேன். கேட்டு வாங்கினால் திருட்டு, நாமே தட்டினால் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு இலக்கம் கையெழுத்துக்குச் சமம். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவோமா? இப்போதைய போன்கள் இன்னும் மோசம்; விசைப்பலகைக்கு மேலேயே எண்ணைக் காட்டி, ஒரே தொடுதலில் நிரப்பிக் கொடுக்கின்றன. செய்தியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே, செய்தியை முழுதாகத் திறந்து தொகையையும் கடையின் பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் வாங்கும் பொருளோடு இரண்டும் பொருந்த வேண்டும். சில நேரம் கடையின் பெயருக்குப் பதில் பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் பெயர் வரும். தொகை மட்டும் மாறவே மாறாது. 25 ரூபாய் கட்டப் போகும் இடத்தில் 47,300 என்று இருந்தால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

புகாரைத் தள்ளிப்போடுவது

என் கதை சனிக்கிழமையோடு முடியவில்லை. அன்று இரண்டாவது சனி, மறுநாள் ஞாயிறு, அடுத்த இரண்டு நாளும் பொங்கல் விடுமுறை. வங்கி திறக்கட்டும் என்று புதன்கிழமை வரை காத்திருந்தேன். வெட்கமும் ஒரு காரணம், வீட்டில்கூடச் சொல்லவில்லை. இதற்கிடையில் ஞாயிறன்று ஒரு வெளிநாட்டுத் தளத்தில் 21,650 ரூபாய் போனது. அதற்கு ஓடிபியே வரவில்லை. ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்பது நம் நாட்டு விதி. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண்ணும் காலாவதி மாதமும் அந்த மூன்று இலக்கமும் இருந்தாலே போதும்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியின்படி, தவறு நம்முடையதும் வங்கியுடையதும் அல்லாதபோது, வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நமக்கு இழப்பு இல்லை. நாலு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஓரளவு நாம் ஏற்க வேண்டும். ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனால் விவரத்தை நாமே கொடுத்திருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரை போனதெல்லாம் நம் தலையில். அதற்குப் பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு.

சனிக்கிழமை மாலையே கார்டை முடக்கச் சொல்லியிருந்தால் அந்த 21,650 போயிருக்காது. இருபத்துநான்கு மணி நேர உதவி எண் கார்டின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. மொத்தக் கடனையும் அடைக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

முதலில் கார்டை முடக்குங்கள், அடுத்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அழுவதெல்லாம் அப்புறம்.

எல்லாவற்றையும் திறந்து வைப்பது

2020 அக்டோபர் முதல், புதுக் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும்படி வருகிறது. இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நாம்தான் திறக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் திறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டை மூடியே வையுங்கள். இணையத்துக்கும் உங்கள் செலவுக்கு ஏற்ற வரம்பு போடுங்கள். வங்கிச் செயலியில் ஒரு நிமிட வேலை.

தேடிப் பிடித்த கஸ்டமர் கேர் எண்

வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றி வங்காள மொழிப் பலகை வைத்த லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே மகனின் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த ஓர் அம்மா, ரத்தான ஆர்டரின் பணத்தைக் கேட்க இணையத்தில் ஓர் எண்ணைத் தேடி அழைத்திருக்கிறார். எடுத்தவன் ஒரு செயலியை இறக்கச் சொன்னான். அதன் வழியே அவருடைய திரை முழுதும் அவனுக்குத் தெரிந்தது. மருந்துக்கு வைத்திருந்த பணம் போனது. தேடலில் முதலில் வருவது உண்மையான எண்ணாக இருக்க வேண்டியதில்லை. கடையின் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதிக்கு மட்டும் போங்கள்.

பூட்டுச் சின்னத்தை நம்புவது

இணைய முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டு திருட்டுத் தளத்திலும் இருக்கும். முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

கார்டைப் படம் எடுத்து அனுப்புவது

வேண்டாம். அண்ணனுக்கும் வேண்டாம்.

முதல் மாதம் இலவசம்

இப்படிச் சொல்லிக் கார்டு விவரம் வாங்கும் சந்தா, இரண்டாம் மாதம் முதல் பணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். 15,000 ரூபாய் வரை ஓடிபிகூடக் கேட்காது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. நிறுத்த நினைத்தால் பணம் பிடிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.