கங்காராமயவில் நாம் செய்யும் தவறுகள்

கொழும்பு கொம்பனித்தெரு பக்கம், பேரை வாவியை ஒட்டி இருக்கிறது கங்காராமய என்ற பௌத்த விகாரை. அங்கே நம்மவர்கள் செய்யும் தவறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: 'கோயில் என்றால் நமக்குத் தெரியாததா?' என்ற நினைப்பு.

செருப்பைக் கழற்றுவதும் வலம் வருவதும் நம் வழக்கம்தான். ஆனால் தொப்பியையும் எடுக்க வேண்டும். தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். அரைக்கால் சட்டையோடு வரும் ஆண்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது. நம் கோயில்களில் கருவறைப் பக்கம் கேமராவையே விடமாட்டார்கள், அதனால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. இங்கே படம் எடுக்கலாம் என்றதும் செல்ஃபிக்குத் திரும்பிவிடுகிறோம். கங்காராமயவில் அருங்காட்சியகமும் இருப்பதால், வரிசையாக நிற்கும் சிலைகள் காட்சிப் பொருள்களாகத் தோன்றலாம். அப்படியல்ல, அவை வணக்கத்துக்குரியவை. சட்டமும் இதில் கடுமையானது. 2012இல் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு, காலி நகர நீதிமன்றத்தில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பிற்பாடு நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

பிக்குகளிடம் கைகுலுக்கப் போகாதீர்கள், கும்பிட்டால் போதும். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைவிட உயரமான இடத்தில் அமர வேண்டாம். சாப்பாடு தானம் கொடுப்பதென்றால் காலையிலேயே கேட்டுக்கொண்டு கொடுங்கள். நண்பகலுக்குப் பிறகு அவர்கள் உணவு உண்பதில்லை.

போயா எனப்படும் பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்தி, சில் எடுத்து (பௌத்த ஒழுக்க விரதம் ஏற்று) நாள் முழுக்க அமர்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது பெரிய அநாகரிகம்.

அப்புறம், பலர் வாவிக்குள் இருக்கும், இதே விகாரையைச் சேர்ந்த தியான மண்டபமான சீமா மாலகயவைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, கட்டாயம் போங்கள். அங்கே மேடையின் மூலைகளில் சிவன், விஷ்ணு, கதிர்காமத்துக் கடவுள், பிள்ளையார் ஆகியோருக்குச் சிறு சந்நிதிகள் உண்டு. பிள்ளையாரைக் கண்டதும் நேரே அங்கே ஓட வேண்டாம். முதலில் புத்தரை வணங்கிவிட்டு, அதன் பிறகே தெய்வங்களிடம் போவதுதான் அங்குள்ளவர்களின் வழக்கம்.