நாற்காலி தூக்க மட்டுமா நம் பிள்ளைகள்?

பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, "இளையோர் அனைவரும் மாலை ஐந்து மணிக்குப் பங்கு அலுவலகத்துக்கு வரவும்" என்று சொல்கிறோம். ஐந்தரை வரை பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று கதவைப் பூட்டிவிட்டு வருகிறோம். பக்தி இருக்கிறது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பையனுக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், நான் மறைக்கல்வி ஆசிரியை. இளையோர் குழுவுக்கும் பொறுப்பு. எங்கள் பையன்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் கல்லூரி, கப்பல், சென்னையில் வேலை என்று இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் படிக்கிறார்கள். இந்த ஊரில் எது பயன்பட்டதோ அதை எழுதுகிறேன். உங்கள் பங்கு மலையடிவாரத்திலோ நகரத்து நடுவிலோ இருந்தால் நேரத்தையும் ஆளையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

திருவிழாவுக்குத் தோரணம் கட்ட, நாற்காலி எடுத்துப்போட, அசன விருந்தில் பரிமாறப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு செலவு, யார் பேசுவது, எந்தப் பாட்டு என்று முடிவாகும் இடத்தில் அவர்கள் இருப்பதில்லை. அந்த இடத்தில் அவர்களை உட்கார வையுங்கள். கீழே நான் சொல்லும் எல்லாமே இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

இது இந்தக் கடற்கரைக்குப் புதிதும் இல்லை. 1542-ல் புனித சவேரியார் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்கள் உதவியோடு செபங்களைத் தமிழில் எழுதி, மனப்பாடம் செய்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகளுக்காகச் செபிக்கக் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் அவரால் போக முடியவில்லை, அந்தப் பிள்ளைகளைத்தான் அனுப்பினார். அவரே கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். நம் ஊர்களில் விசுவாசத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது சிறுபிள்ளைகள். இன்று இருபத்திரண்டு வயதுப் பையனிடம் பூசையில் வாசிக்க ஒரு விவிலிய வாசகத்தைக் கொடுக்க நாம் யோசிக்கிறோம்.

வீட்டுக்குப் போங்கள்

முதலில் ஒரு பட்டியல் வேண்டும். குடும்பப் பதிவேட்டிலிருந்து 15 வயது முதல் 30 வரை உள்ளவர்களை அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இப்போது எங்கே இருக்கிறார், என்ன தெரியும் என்று இரண்டு கட்டம் விடுங்கள். அந்தக் கட்டங்களை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்ப முடியாது.

இரண்டு பேராகப் போங்கள். அதில் ஒருவர் இளைஞராக இருக்கட்டும். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் பையன்கள் வீட்டில் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அதில் வேலை பார்க்கும் பையன்களும் ஊரில் இருப்பார்கள். புதிதாக ஒன்றைத் தொடங்க எங்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அப்போது பரீட்சை, அவர்களை மே மாதக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

போன வீட்டில், "ஏன் பூசைக்கு வருவதில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள். அம்மா உடனே, "நல்லா கேளுங்க டீச்சர்" என்று சேர்ந்துகொள்வார். பையன் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவான். அவன் வேலையைப் பற்றிக் கேளுங்கள், படிப்பைப் பற்றிக் கேளுங்கள். ஒரு வீட்டில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தம்பி ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவன் என்று தெரிந்தது. கோவில் மைக் கொரகொரவென்று இரைவதை நாங்கள் முன்வரிசையில் பொறுத்துக்கொண்டிருந்தோம். அவன் வாசல்படியில் நின்றுகொண்டு பொறுத்துக்கொண்டிருந்தான். "இதைக் கொஞ்சம் பார்த்துத் தாயேன்" என்றோம். இன்று ஒலிபெருக்கி முழுவதும் அவன் கையில். பூசைக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுகிறான். யாரும் அவனுக்குப் பக்தியைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை.

வாசகமும் மன்றாட்டும்

இளைஞர்களை வழிபாட்டுக்குள் கொண்டுவர மிக நல்ல வாசல் இது என்பது என் எண்ணம். ஆனால் பூசைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண்ணைப் பிடித்து, "நீ போய் வாசி" என்று அனுப்பினால் அவள் திக்குவாள், பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள், அடுத்த வருடம் வரை பீடத்துப் பக்கமே வரமாட்டாள்.

புதன்கிழமையே வாசகத்தைக் கொடுங்கள். வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நெபுகத்னேசர், தெசலோனிக்கர் போன்ற பெயர்களைப் பென்சிலால் பிரித்துக் குறித்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை காலியான கோவிலில், மைக்கைப் போட்டு, வாசக மேடையில் நின்று ஒருமுறை. நீங்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: "இதில் பவுல் யாரிடம் கோபப்படுகிறார்?" அதற்குப் பதில் தேடும்போது அந்தப் பிள்ளை முந்தின அதிகாரத்தையும் படித்துவிடும். மறைக்கல்வி வகுப்பில் ஒரு மணி நேரம் கத்தினாலும் நடக்காதது அப்படித் தானாக நடக்கிறது.

பெண்பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தைத் திருத்தி, வாசகர், பூசையில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் என்ற நிலையான பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். பெண் வாசிப்பது ஆள் இல்லாததற்கு ஒரு மாற்று ஏற்பாடு என்று இன்னமும் நினைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பூசையில் சபை சேர்ந்து வேண்டும் நம்பிக்கையாளர் மன்றாட்டை இளையோரே எழுதட்டும். ஒழுங்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள்: திருச்சபைக்காக, ஆள்வோருக்கும் உலகத்துக்குமாக, துன்பத்தில் இருப்பவர்களுக்காக, நம் பங்குக்காக. அச்சிட்ட புத்தகத்தில் எல்லா ஊருக்கும் பொருந்துகிற வரிகள்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகள் எழுதியதில் ஒருநாள், கடலில் சிறைபிடிக்கப்பட்டு வீடு திரும்பாத மீனவர்கள் வந்தார்கள். அரியர் வைத்துவிட்டு வீட்டில் சொல்லப் பயந்துகொண்டிருக்கும் மாணவர்கள் வந்தார்கள். அன்றைக்கு "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை சொன்ன சத்தமே வேறாக இருந்தது. பூசைக்கு முன்னால் பங்குத்தந்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். தவறு இருந்தால் எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லட்டும், அவரே அடித்து எழுதிவிட வேண்டாம்.

பாடகர் குழுவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கீபோர்டு வாசிக்கும் பையன் எந்த ஊரிலும் இருக்கிறான். வருகைப் பாடலாவது சபைக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

ஏழைகளின் வீடு

பக்தியில் ஒட்டாத பிள்ளைகளும் இந்த வேலையில் ஒட்டிக்கொள்வார்கள். நம் பங்குகள் பலவற்றில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, உறுப்பினர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அந்தச் சபையை 1833-ல் பாரிசில் பிரடெரிக் ஓசானாம் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியபோது அவருக்கு 20 வயது. 2025 செப்டம்பர் 7 அன்று, பதினைந்து வயதில் இறந்த கார்லோ அகுதிசோடு புனிதராக அறிவிக்கப்பட்ட பியர் ஜோர்ஜோ பிராசாத்தியும் அதில் உறுப்பினர்தான். இத்தாலியின் தூரின் நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு ஓயாமல் போய்வந்தவர், 24 வயதில் இறந்துபோனார். மலையேறும் பிராசாத்தியின் படத்தையும், ஜீன்ஸும் ஷூவும் போட்ட கார்லோவின் படத்தையும் காட்டும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெரியவரோடு ஓர் இளைஞர் என்று இணைத்து, ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து அனுப்புங்கள். அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பக்கூடாது. உட்கார்ந்து பேச வேண்டும். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டிக்கு மனு எழுதுவது, ஆதாரில் கைரேகை விழாத தாத்தாவை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போவது, மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்வது, இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட நன்றாக வரும். மாதம் ஒருமுறை எல்லாரும் கூடி, போன வீட்டில் என்ன பார்த்தோம் என்று பேசிவிட்டு, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசியுங்கள். அந்த வரிசை முக்கியம்: முதலில் வீடு, பிறகு நற்செய்தி. கேள்வியோடு வாசிக்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி பேசுகிறது.

பணமும் பேரவையும்

இங்கேதான் பெரியவர்களுக்குக் கை நடுங்கும். கிறிஸ்மஸ் குடில், திருவிழாவுக்கு முன் வரும் நவநாளில் ஒருநாள், கோடை மறைக்கல்வி என்று ஏதாவது ஒன்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கி முழுவதுமாக அவர்களிடம் கொடுங்கள். ஐந்தாயிரம் ரூபாய் போதும். ரசீது வாங்கி ஒட்ட, வரவு செலவு எழுத, கடைசியில் பூசைக்குப் பிறகு கணக்கை வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள். இடையில் போய், "ஏன் இந்தக் கடையில் வாங்கினாய்?" என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியதைக் கணக்கு வாசித்தபின் கேட்கலாம்.

பங்குப் பேரவையில் இளையோர் சார்பில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இருக்கட்டும். அவர்களை இளையோரே தேர்ந்தெடுக்கட்டும். இது பலருக்குக் கசக்கும், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்புதான், முடிவு பங்குத்தந்தையுடையது. அதற்காக ஆலோசனையை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2018 மார்ச்சில், இளையோர் பற்றிய ஆயர் (பிஷப்) மாமன்றத்துக்கு முன், பிரான்சிஸ் ஏறக்குறைய 300 இளைஞர்களை ரோமுக்கு அழைத்து அவர்கள் பேசுவதைக் கேட்டார். மாமன்றத்துக்குப் பிறகு 2019-ல் வந்த 'கிறிஸ்து வாழ்கிறார்' மடல், இளையோர் பணியைச் செய்ய வேண்டியவர்கள் இளையோரே, நாம் உடன் நடக்க வேண்டும் என்கிறது. பேரவையில் எதிர்ப்பு வந்தால் அந்த மடலை எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

உறுதிபூசுதல் முடிந்த மறுநாள்

ஆயர் வந்து, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்தைக் கொடுத்துவிட்டுப் போனபின் பாதிப் பிள்ளைகளைக் காணோம் என்பது எல்லாப் பங்கிலும் உள்ள கதை. மறைக்கல்வி முடிந்துவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்று பிள்ளையும் நினைக்கிறது, வீட்டிலும் நினைக்கிறார்கள். அதனால் தயாரிப்பின் கடைசி மாதத்திலேயே ஒவ்வொருவரும் ஒரு பணியைத் தேர்ந்தெடுக்கட்டும், உறுதிபூசுதலுக்கு அடுத்த ஞாயிறு அதைத் தொடங்கட்டும். சிறு வகுப்புக்கு உதவி ஆசிரியர், பீடப்பணி, வாசகம், ஒலிபெருக்கி, எது வேண்டுமானாலும்.

பிள்ளைக்கு விசுவாசத்தில் துணையாக நிற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை விஷயத்திலும் பெற்றோரிடம் பேசுங்கள். மோதிரம் போடுகிற மாமாவைத்தான் வழக்கமாகத் தேடுகிறார்கள். 16 வயது நிறைந்து, உறுதிபூசுதல் பெற்று, விசுவாசத்தில் வாழ்கிற ஒருவர் போதும் என்பதே திருச்சபைச் சட்டம். பங்கில் ஈடுபாட்டோடு இருக்கும் இருபத்தைந்து வயது அக்கா ஒருத்தி ஒரு சிறுமிக்கு ஞானத்தாயாக நின்றால், மறுவாரமே அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

கூட்டம் நடத்தும்போது

பெண்பிள்ளைகள் வர வேண்டுமென்றால் ஏழு மணிக்குள் முடியுங்கள். கோவில் வளாகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் நடத்துங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். யாரும் எந்தப் பிள்ளையோடும் அடைத்த அறையில் தனியாக இருக்கக்கூடாது, அது யாராக இருந்தாலும் சரி. பெற்றோர் நம்பி அனுப்புவது இதைப் பார்த்துத்தான்.

அவர்கள் கேட்கும் கேள்விகளை அடக்காதீர்கள். பாவசங்கீர்த்தனம் எதற்கு, நல்லவர்களுக்கு ஏன் புற்றுநோய் வருகிறது, இதெல்லாம் வரும். "கோவிலுக்குள் ஏன் சாதி?" என்ற கேள்வியும் கண்டிப்பாக வரும். தனிக் கல்லறை, தலித் தெருவுக்குப் போகாத சப்பரம் என்று அவர்கள் கேள்விப்பட்டதையும் பார்த்ததையும் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு பொய்யோடு அவர்கள் போய்விடுவார்கள். சபைக்குள் தலித் மக்களுக்கு நடக்கும் பாகுபாட்டை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டது. அதையும் சொல்லுங்கள், 2022 மே 15 அன்று புனிதரான தேவசகாயத்தைப் பற்றியும் சொல்லுங்கள். குருவோ துறவியோ அல்ல, குடும்பஸ்தர், அரசாங்க உத்தியோகஸ்தர். மனிதர் எல்லாரும் சமம் என்று பழகியவர், 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறைக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். போகும் வழியில் வண்டிக்குள் நடக்கும் பேச்சு எந்தக் கருத்தரங்கிலும் நடக்காது.

ஊரைவிட்டுப் போகிறவர்கள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஒரு பிள்ளை கிளம்பும்போது, பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு ஆசீர் கொடுத்து அனுப்புங்கள். போகும் ஊரில் தமிழ்ப் பூசை எந்தக் கோவிலில், எத்தனை மணிக்கு என்று விசாரித்துக் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் நம் ஊர்ப் பிள்ளையின் போன் நம்பரை, அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கப்பலில் இருப்பவர்களுக்குப் பல நாள் சிக்னலே இருக்காது. ஞாயிறு மன்றாட்டில் அவர்கள் பெயர் சொல்லப்பட்டதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால், கரைக்கு வந்ததும் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறார்கள்.

திருவிழாவுக்கு எல்லாரும் எப்படியும் வருவார்கள். வந்து புதுச்சட்டை போட்டுத் தேரைப் பார்த்துவிட்டுப் போகாமல் இருக்க, இன்னாருக்கு இந்த வேலை என்று முன்கூட்டியே எழுதுங்கள்: ஆறாம் நாள் வாசகம், எட்டாம் நாள் நற்கருணைப் பவனி ஒழுங்கு, பத்தாம் நாள் சப்பரத்துக்கு முன்னால் செபமாலை. சென்னையிலிருந்து வரும் முத்துநகர் எக்ஸ்பிரசில் 60 நாள் முன்னால் முன்பதிவு தொடங்கிவிடும். பட்டியல் அதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், லீவு சொல்லி டிக்கெட் எடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.